ரவுக்பியரில் புகை வரட்டும், ஆஸ்பத்திரி வாடை எதற்கு?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜெர்மனியில் வசிக்கும் நண்பர் ஒருவர் பவேரியாவின் பாம்பெர்க் நகருக்குப் போய், அங்கே ஷ்லெங்கெர்லா ஆலையின் ரவுக்பியரை, அதாவது புகையில் உலர்த்திய மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சும் பீரை, குடித்துவிட்டு வந்து, வீட்டில் இரண்டு முறை அதைக் காய்ச்சியிருக்கிறார். முதல் முறை 20 சதவீதம் புகை மால்ட் போட்டார். புகை இருக்கிற இடமே தெரியவில்லை. இரண்டாம் முறை வேறொரு கடையில் ‘ஸ்மோக்டு மால்ட்’ வாங்கி அளவைக் கூட்டினார். பிளாஸ்திரியும் டெட்டாலும் கலந்த மாதிரி ஆஸ்பத்திரி வாடை அடித்தது. எத்தனை சதவீதம் போட்டால் சரியாக வரும், மால்ட்டை நானே புகையூட்டலாமா, லிக்விட் ஸ்மோக் சேர்த்தால் என்ன என்று கேட்கிறார். சதவீதத்துக்குப் பதில் சொல்வது எளிது, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இரண்டாவது பீரில் அடித்தது புகையின் மிகுதியா, புகையே இல்லாத வேறொன்றா? நண்பரே, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேறொன்று என்றே தோன்றுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சதவீதத்தைக் குறைத்தால், புகையும் போய்விடும், வாடையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

விறகு தணலாகக் கனியும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து குவாயகால், சிரிங்கால் என்ற பீனால் சேர்மங்கள் புகையோடு வருகின்றன. பீச், ஓக் போன்ற கடின மரங்களில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஜெர்மானியர்கள் பன்றித்தொடையைப் புகையூட்டுவதும் பெரும்பாலும் பீச் விறகில்தான். ஷ்லெங்கெர்லாவின் முதல் மடக்கில் பலருக்கும் பேக்கன் நினைவுக்கு வருவதற்கு அதுவே காரணம். ஆக, சரியான ரவுக்பியரின் வாடை விறகடுப்பு, புகையூட்டிய இறைச்சி, லேசான வனிலா என்ற பக்கத்தில் இருக்க வேண்டும். மருந்து, பிளாஸ்திரி, எரிந்த ரப்பர், தார் என்ற பக்கம் போனால் அது வேறு பீனால். அங்கே சந்தேகிக்க வேண்டியவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் பீட் மால்ட். ஸ்காட்லாந்து விஸ்கிக்காகச் சதுப்பு நிலத்து பீட் கரியின் புகையில் உலர்த்திய மால்ட்டும் கடைகளில் ‘ஸ்மோக்டு மால்ட்’ என்ற அதே பெயரில்தான் கிடக்கிறது. இதில் கிரிசால் வகையறா அதிகம். ஐலா தீவு விஸ்கியில் அயோடின் நெடி என்று ரசித்துச் சொல்வார்களே, அதுவே. விஸ்கியில் அது பெருமை. லாகரில், அதாவது குளிரில் நொதிக்கவைக்கும் பீரில், 5 சதவீதம் போட்டாலே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், 30 சதவீதம் போட்டால் குடிக்க முடியாது. உறையில் பீட் என்றோ, விஸ்கி மால்ட் என்றோ, பீனால் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றோ அச்சிட்டிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. பிபிஎம் கணக்கு விஸ்கிக்காரர்களின் வழக்கம். பாம்பெர்க் பாணி மால்ட்டில் அதைப் போடுவதில்லை. உறையைத் தூக்கி எறிந்திருந்தால் மீதி மால்ட்டில் இரண்டு தானியத்தை வாயில் போட்டு மெல்லுங்கள். ஆஸ்பத்திரி வாடை உலர்ந்த மால்ட்டிலேயே இருந்தால் குற்றவாளி அதுதான்.

இரண்டாவது ஆள் குளோரின். மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இயல்பாகவே இருக்கும் பீனால்களோடு குளோரின் சேர்ந்தால் குளோரோபீனால் உருவாகும். இதை மூக்கு நம்ப முடியாத அளவுக்குச் சிறிய செறிவிலும் பிடித்துவிடும். டெட்டாலின் கிருமிநாசினிப் பொருளான குளோராக்சைலினாலும் இதே குடும்பம், அதனால் உங்கள் மூக்கு ‘டெட்டால்’ என்று சொன்னது தற்செயல் இல்லை. புகை மால்ட்டில் பீனால் ஏற்கெனவே நிறைய இருப்பதால், சாதாரண பீரில் தெரியாமல் போகும் குளோரின் எச்சம்கூட இங்கே காட்டிக்கொடுக்கலாம். ஜெர்மனியில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் குளோரினே சேர்ப்பதில்லை, ஆகவே தண்ணீரைவிடப் பாத்திரம் கழுவிய ப்ளீச்சைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ப்ளீச் கலந்த கழுவுதிரவத்தால் வாளியையும் குழாயையும் ஊறவைத்து, ஒரு தடவை அலசிவிட்டு பீரை ஊற்றுவது வழக்கமான தவறு. அதை அடியோடு நிறுத்துங்கள். கார சோப்புத்தூளால் கழுவி, அலசி, பாஸ்பாரிக் அமிலம் அடிப்படையிலான கிருமிநாசினியோ பெராசிட்டிக் அமிலமோ பயன்படுத்துங்கள். குளோரின் சேர்க்கும் ஊரில் இருப்பவர்கள் 30 லிட்டர் தண்ணீருக்குப் பாதி கேம்ப்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்கினால் போதும், சில நிமிடங்களில் குளோரினும் குளோரமினும் செயலிழந்துவிடும். கொதிக்க வைத்தால் குளோரின் போகும், குளோரமின் எளிதில் போகாது.

மூன்றாவது ஆள் காட்டு ஈஸ்ட். மால்ட்டிலுள்ள ஃபெரூலிக் அமிலத்தைச் சில ஈஸ்ட்கள் 4-வைனைல் குவாயகாலாக மாற்றிவிடும். தனியாக இருந்தால் கிராம்பு வாசம். கோதுமை பீரில் இதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். புகையோடு சேர்ந்தால் பல் டாக்டர் அறை மாதிரி ஆகிவிடும். லாகர் ஈஸ்ட்டுக்கு இந்தப் பழக்கம் கிடையாது, ஆகவே அது வந்தால் வெளியிலிருந்து ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். இதை, பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும். காட்டு ஈஸ்ட்கள் பல, சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையையும் தின்றுவிடும், 1.013-இல் நிற்க வேண்டிய பீர் 1.005-க்கு இறங்கியிருந்தால், பாட்டில் திறந்ததும் பொங்கினால், வாரத்துக்கு வாரம் வாடை கூடினால் அதுதான். அப்படியானால் மீதி பாட்டில்களைக் குளிரில் வைத்துவிட்டு சீக்கிரம் காலி செய்யுங்கள், வெடிக்க வாய்ப்புண்டு. குளோரோபீனால் அப்படி இல்லை: நொதித்தல் முடிந்த நாளிலேயே வாடை முழுசாக இருக்கும், இறுதி அடர்த்தி இயல்பாக இருக்கும், பிறகு கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. உங்கள் பாட்டிலை முகர்ந்து பார்க்காமல் எழுத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இந்த அளவுதான். மால்ட்டை மெல்வது, இறுதி அடர்த்தியைப் பார்ப்பது இரண்டையும் செய்தால் மூவரில் ஒருவர் மாட்டிக்கொள்வார்.

இனி சதவீதம். ரவுக்பியருக்கு நீங்கள் கேட்க வேண்டியது பீச் விறகில் புகையூட்டிய பார்லி மால்ட். பாம்பெர்க்கிலேயே 1879 முதல் இயங்கும் வையர்மன் நிறுவனத்தின் மால்ட் ஜெர்மனியில் எளிதாகக் கிடைக்கும். பெஸ்ட்மால்ட்ஸும் ஒன்று செய்கிறது. இது வெளிர் நிற அடிப்படை மால்ட். நொதிகள் உயிரோடு இருப்பதால் 100 சதவீதம் போட்டாலும் மாவு முழுவதும் சர்க்கரையாகும். 20 சதவீதத்தில் புகை வெறும் நிழல். இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். 40-இலிருந்து 60 வரை யாருக்கும் தெளிவாகத் தெரியும், மால்ட்டின் இனிப்பும் பக்கத்தில் நிற்கும். 80-க்கு மேல் புகையே தலைவர். உங்கள் முதல் பீரில் நடந்தது தவறே இல்லை, அளவு போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் 100 சதவீதம் போட்டாலும் ஷ்லெங்கெர்லா வந்துவிடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மால்ட்டைத் தாங்களே, சொந்த உலர்கூடத்தில், பீச் விறகுத் தீயின் மேல் உலர்த்துகிறார்கள். கடையில் கிடைக்கும் மால்ட் அதைவிட மென்மை. அதே ஊரில் ஸ்பெசியால் என்றொரு ஆலை இருக்கிறது, 1536 முதல் என்று சொல்லிக்கொள்கிறது, அதுவும் தன் மால்ட்டைத் தானே புகையூட்டுகிறது, ஆனால் பீர் எவ்வளவோ சாது. முதல் இலக்காக ஸ்பெசியாலை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

சதவீதத்தைவிடப் பெரிய விஷயம் மால்ட்டின் வயது. புகையின் மணம் ஆவியாகிப் போகும். அரைத்து வைத்த மால்ட், வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த மூட்டை, இவற்றில் 60 சதவீதம் போட்டாலும் 30 சதவீதத்தின் பலன்தான் கிடைக்கும். அதனால் முழுமணியாக, மூடி முத்திரையிட்ட பையில் வாங்கி, காய்ச்சும் அன்றைக்கு அரையுங்கள். ஒவ்வொரு புதுப் பையையும் காய்ச்சுவதற்கு முன் ஒரு சிறு சோதனைக்கு உட்படுத்துங்கள்: 50 கிராம் மால்ட்டை அரைத்து, 65 டிகிரி சூட்டில் உள்ள 400 மில்லி தண்ணீரில் ஃப்ளாஸ்கில் போட்டு 15 நிமிடம் வைத்து, காபி வடிதாளில் வடிகட்டி, ஆறியதும் குடித்துப் பாருங்கள். அந்தச் சாற்றில் இருக்கும் புகைதான் பீரில் வரும். கொதியிலும் நொதித்தலிலும் கொஞ்சம் குறையுமே தவிர அதிகமாகாது. சாறு சப்பென்று இருந்தால் 60-ஐ 80 ஆக்குங்கள். சமையல் குறிப்பில் உள்ள எண்ணை நம்புவதைவிட இந்தச் சாற்றை நம்பலாம்.

20 லிட்டருக்கு, மெர்ட்சன் என்ற செம்பழுப்பு ஜெர்மன் லாகர் பாணியில் ஒரு கணக்கு தருகிறேன். பீச் புகை மால்ட் 3 கிலோ, மியூனிக் மால்ட் இரண்டாம் வகை 1.65 கிலோ, கேரமல் மால்ட்டான காராமியூனிக் 250 கிராம், தோல் நீக்கிய கருவறுவல் மால்ட்டான காராஃபா ஸ்பெஷல் 60 கிராம். மொத்தம் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, புகை மால்ட் 60 சதவீதம். மால்ட்டின் சர்க்கரையில் 70 சதவீதம் சாற்றில் இறங்கினால் ஆரம்ப அடர்த்தி 1.054 அருகே வரும், 1.013-இல் நின்றால் ஆல்கஹால் 5.4 சதவீதம், நிறம் செம்பு கலந்த பழுப்பு. இதில் மியூனிக் மால்ட்டைக் கழித்துவிட்டு வெறும் பில்ஸ்னர் மால்ட் போடும் ஆசை பலருக்கு வரும். போட்டால் புகைக்குப் பின்னால் எதுவும் இருக்காது, வாயில் சாம்பல் மாதிரி உலர்ந்து நிற்கும். ரொட்டித்தோல் இனிப்பு புகையைத் தாங்கும் மெத்தை. கருவறுவல் மால்ட் நிறத்துக்கு மட்டுமே. தோலோடு வறுத்த சாதாரண கருப்பு மால்ட்டை 200 கிராம் போட்டால் அதன் கரிக்கசப்பும் புகையும் கைகோத்துக்கொண்டு தீய்ந்த பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். ஓக் புகையூட்டிய கோதுமை மால்ட் பக்கத்து அலமாரியிலேயே இருக்கும். அது போலந்தின் க்ரோஜிஸ்கி பீருக்கானது, 7-8 பிளேட்டோ (சாற்றின் சர்க்கரை அளவு) அளவில் காய்ச்சும் லேசான பீர். நல்ல சரக்குதான், ஆனால் இந்த 3 கிலோவுக்கு மாற்றாக அதைப் போட்டால் தோலில்லாத கோதுமையால் மாஷ், அதாவது வெந்நீரில் ஊறும் மால்ட் கூழ், இறுகி வடியாமல் நிற்கும், சுவையும் வேறு.

மாஷுக்கு 15 லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் 67 டிகிரியில் வந்து நிற்கும். மால்ட் மிகக் குளிர்ந்த அறையில் இருந்திருந்தால் தண்ணீரை ஒரு டிகிரி கூட்டுங்கள். 60 நிமிடம் அந்தச் சூட்டில் வைத்து, அயோடின் சொட்டில் நீலம் வராததைப் பார்த்துவிட்டு, 77 டிகிரிக்கு ஏற்றி வடிக்கத் தொடங்குங்கள். பிறகு 16 லிட்டர், அதே 77 டிகிரித் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கொப்பரையில் சுமார் 26 லிட்டர் சேரும். மாஷின் பிஹெச் 5.3-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்கட்டும். தெற்கு ஜெர்மனியின் பல ஊர்களில் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. அங்கே 80 சதவீத லாக்டிக் அமிலம் சில மில்லியோ, மால்ட்டில் 2-3 சதவீதம் புளிமால்ட்டோ தேவைப்படும். இது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை. கழுவும் தண்ணீர் 78 டிகிரியைத் தாண்டினாலோ, கடைசியில் வடியும் சாறு 1.010-க்குக் கீழே போய் பிஹெச் 6-ஐ நெருங்கினாலோ உமியின் துவர்ப்பு இறங்கும். சாதாரண பீரில் அது துவர்ப்பு. புகை பீரில் அதை நாக்கு ‘புகை அதிகம்’ என்று தவறாகப் படித்துவிடும். புகை அதிகமாகிவிட்டது என்று வரும் புகார்களில் நிறைய இங்கே பிறந்தவை. டிகாக்‌ஷன், அதாவது மாஷில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவிட்டுத் திருப்பிக் கொட்டும் பழைய பவேரிய முறை, அவசியமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. மால்ட் ருசி கூடும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு, கண்ணைக் கட்டிக் குடித்தால் வித்தியாசம் தெரியாது என்பவர்களும் உண்டு. மியூனிக் மால்ட் இவ்வளவு இருக்கும்போது அதைத் தவிர்க்கலாம் என்பேன்.

கொதி 80 நிமிடம், மூடியில்லாமல். வெளிர் மால்ட் அதிகம் இருப்பதால் வேகவைத்த சோள வாடையைத் தரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியாகிப் போக வேண்டும். முடிவுக்கு 60 நிமிடம் இருக்கும்போது கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 7 சதவீதமுள்ள பெர்லே ஹாப்ஸ் (பீரில் கசப்புக்குப் போடும் கொடிப்பூ) 30 கிராம், 20 நிமிடம் இருக்கும்போது ஹெர்ஸ்ப்ரூக்கர் 15 கிராம். கசப்பு, அதன் அளவுகோலான ஐபியுவில், 24 பக்கம் வரும். 30-ஐத் தாண்ட விடாதீர்கள். பீனாலுக்கே ஒரு கசந்த உலர்தன்மை உண்டு, ஹாப் கசப்பு அதன் மேல் ஏறினால் இரண்டும் முரட்டுத்தனமாகும். கடைசி நிமிட ஹாப்ஸும், நொதித்தலில் போடும் உலர் ஹாப்ஸும் இதில் வேண்டவே வேண்டாம். அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை வாசமும் பேக்கனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

இனிமேல் எல்லாம் ஒழுங்கான லாகர் வேலைதான், புகைக்கென்று தனி வித்தை கிடையாது. வோர்ட்டை, அதாவது கொதித்த மால்ட் சாற்றை, 10 டிகிரிக்குக் குளிர்வித்து, சாஃப்லாகர் டபிள்யூ-34/70 உலர் ஈஸ்ட் 11.5 கிராம் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். 12 டிகிரிக்குக் கீழே ஆரம்பிக்கும் 20 லிட்டருக்கு 400 பில்லியன் செல் அளவில் தேவை, ஒரு பொட்டலத்தை நம்பினால் தொடக்கம் தாமதமாகி, அந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன மூன்றாவது ஆள் உள்ளே வருவார். 10-12 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாள் ஓடும். அடர்த்தி 1.020 பக்கம் இறங்கியதும் 16-17 டிகிரிக்கு விட்டு மூன்று நாள் வையுங்கள், வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட்டே தின்றுவிடும். முடிந்ததா என்று பார்க்க, ஒரு கிளாஸ் எடுத்து மூடி, வெந்நீரில் 60 டிகிரிக்குச் சூடாக்கி அரை மணி வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் 2 டிகிரி குறைத்து 1-2 டிகிரிக்குக் கொண்டுபோய் ஐந்தாறு வாரம் கிடக்கட்டும். புதிதில் கூர்மையாகக் குத்தும் புகை இந்த வாரங்களில் மால்ட்டோடு இணங்கி வரும். ஃப்ரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாதவர்கள் இதே ஈஸ்ட்டை 16-18 டிகிரியில் ஓட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். சுத்தமாக வருவதும் உண்டு, லேசான பழவாசம் தட்டுவதும் உண்டு. கொலோன் நகரத்து கோல்ஷ் பீரின் ஈஸ்ட்டை 15 டிகிரியில் ஓட்டுவது இன்னொரு வழி. கோதுமை பீர் ஈஸ்ட்டை மட்டும் இந்தச் செய்முறையில் தொடாதீர்கள்.

பாட்டிலில் நிரப்பும்போது ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. இணையக் கணிப்பான்கள் பீரின் வெப்பநிலையைக் கேட்கும். குளிரில் கிடக்கும் பீரின் 2 டிகிரியை அங்கே போட்டால், கார்பன் டைஆக்சைடு நிறைய மிச்சம் இருக்கிறது என்று நினைத்துச் சர்க்கரையைக் குறைத்துச் சொல்லும். பீர் சோடா போன தண்ணீர் மாதிரி இருக்கும். நொதித்தல் முடிந்தபின் பீர் தொட்ட அதிகபட்சச் சூடு, இங்கே 16-17 டிகிரி, அதைத்தான் போட வேண்டும். அந்தக் கணக்கில் லிட்டருக்கு 5.5 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை போதும். ஐந்தாறு வாரக் குளிரில் ஈஸ்ட் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும் என்பதால், அதே உலர் ஈஸ்ட் இரண்டு கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்துவிட்டால் கவலையில்லை. அறைச்சூட்டில் இரண்டு வாரம், பிறகு குளிரில்.

மால்ட்டை நீங்களே புகையூட்டலாம். செய்யத் தகுந்த வேலைதான், ஆனால் கடை மால்ட்டில் ஒரு நல்ல பீர் எடுத்த பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் எது எங்கே தவறியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. முளைகட்டிய பச்சைப் பார்லியில் இறங்க வேண்டாம், ஏற்கெனவே உலர்த்திய பில்ஸ்னர் அல்லது மியூனிக் மால்ட்டை எடுங்கள். பச்சை மால்ட்டை நேரடித் தீயில் உலர்த்தும்போது தீயின் நைட்ரஜன் ஆக்சைடுகளால் நைட்ரோசமின் உருவாகும் என்பது 1970-களின் கடைசியில் தெரியவந்து, மால்ட் ஆலைகள் மறைமுகச் சூட்டுக்கு மாறக் காரணமான விஷயம். ஒரு கிலோ மால்ட்டை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, 50 மில்லி தண்ணீரைத் தெளிப்பானில் அடித்துப் புரட்டி அரை மணி விடுங்கள். ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் பிடிக்கும். உலர்ந்த மணியில் பாதி வீணாகும். துருப்பிடிக்காத எஃகு வலைத் தட்டில் 2-3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மூடி போட்ட உருண்டை கிரில்லின் ஒரு ஓரத்தில் வையுங்கள். மறு ஓரத்தில் சிறு தணலின் மேல் பீச் சில்லுகள். ஜெர்மனியில் மீன், இறைச்சி புகையூட்டுவதற்கென்றே விற்கும் சில்லும் மரத்தூளும் பொருத்தம். தட்டின் சூடு 50 டிகிரியைச் சுற்றி இருக்கட்டும்; ஈரமான மால்ட் 60-ஐத் தாண்டிச் சூடானால் நொதிகள் சாகத் தொடங்கும். கால் மணிக்கு ஒருமுறை புரட்டி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது புகையின் நிறம். மெல்லிய நீலப் புகை வேண்டும். காற்றில்லாமல் திணறிக் கிளம்பும் அடர்ந்த மஞ்சள் வெள்ளைப் புகை தாரையும் காரக் கசப்பையும் மால்ட்டில் பூசிவிடும். புற்றுநோயோடு தொடர்புடைய பென்சோபைரீன் வகைகளும் அழுக்குப் புகையில்தான் கூடும். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற பிசின் மரங்கள், பட்டையோடு கூடிய ஈர விறகு, பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவுட், சரக்குத் தட்டுப் பலகை எதுவும் கூடாது. ஓக் போடலாம், புகை கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஷ்லெங்கெர்லாவே கிறிஸ்துமஸ் காலத்து டாப்பெல்பாக் என்ற வலுவான லாகரை ஓக் புகை மால்ட்டில் காய்ச்சுகிறது. ஆப்பிள், செர்ரி மரங்களும் நல்லவை. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலத்தின் ஜூனோ நகர ஆலை 1988 முதல் காய்ச்சும் புகை போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீருக்கு மால்ட் புகையூட்டியது ஆல்டர் மரத்தில், அங்கே சால்மன் மீனைப் புகையூட்டும் அதே மரம். புகையூட்டியதும் மால்ட்டை 50 டிகிரி அவனில், கதவைச் சற்றே திறந்து வைத்து, முதலில் குறித்த எடைக்குத் திரும்பும்வரை உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அரவையில் நசுங்கும், சேமித்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு காகிதப் பையில் ஒரு வாரம் வைத்தால் முதல் நாளின் காட்டமான நெடி அடங்கும். வீட்டில் புகையூட்டியது ஒவ்வொரு முறையும் வேறு வேறு பலத்தில் இருக்கும், பெரும்பாலும் கடைச் சரக்கைவிடக் காட்டமாக. அதனால் 20-30 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், மேலே சொன்ன 50 கிராம் சாற்றுச் சோதனையை இங்கே தவறாமல் செய்யுங்கள்.

லிக்விட் ஸ்மோக் வேண்டாம். சில சொட்டில் பீர் முழுக்கப் பார்பிக்யூ சாஸ் ஆகிவிடும், குறைத்தால் வாசம் மட்டும் மேலே மிதக்கும், பீரின் சுவையோடு சேராது; அந்தப் போத்தல்களில் பலவற்றில் வினிகரும் உப்பும்கூட உண்டு. கொதியில் புகையூட்டிய மரச்சில்லைப் போடுவதும் அதே கதை.

ஒரு எச்சரிக்கை, பலர் பிறகுதான் உணர்கிறார்கள்: புகை பிளாஸ்டிக்கில் ஒட்டும். ரப்பர் குழாய், வாளி, குழாய்த் திருகின் வாஷர் எல்லாம் அடுத்த பில்ஸ்னருக்குப் புகையைக் கடத்தும். குழாய்களைப் புகை பீருக்கென்று தனியாக வைத்துக்கொள்வது மலிவான தீர்வு. அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்து அடுத்த பீருக்குப் போட்டாலும் புகை கூடவே போகும். ஷ்லெங்கெர்லாவின் ஹெல்லெஸ் என்ற வெளிர் லாகரில் புகை மால்ட்டே கிடையாது; அதே கொப்பரையும் அதே ஈஸ்ட்டும் பட்டதாலேயே அதில் மெல்லிய புகை இருக்கிறது. இதை விரும்பிச் செய்தால் சரி, தெரியாமல் நடந்தால் எரிச்சல்.

ருசி பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. புகைக்கு மூக்கு மிக விரைவில் பழகிவிடும். காய்ச்சிய அன்று முழுக்க அந்த ஆவியில் நின்றவர் மாலையில் ‘புகையே இல்லை’ என்று தீர்ப்பு சொல்வது செல்லாது. மறுநாள் காலை, காபிக்கு முன், பக்கத்தில் புகை மால்ட் இல்லாத ஒரு சாதாரண லாகரையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். 8-10 டிகிரியில் குடியுங்கள், ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் பாதி மணம் எழும்பாது.

சட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான வரியில்லா வரம்பு முன்பு ஆண்டுக்கு 200 லிட்டர், 2024 ஜனவரி முதல் 500 லிட்டர். விற்கக் கூடாது, தொடங்கும் முன் தெரிவிக்க வேண்டுமா என்பதை உங்கள் பகுதியின் சுங்கத் தலைமை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் முயன்று பார்க்க வேண்டாம்: 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்ற சமாதானம் எடுபடாது.

அடுத்து எழுதும்போது மூன்று விவரம் தாருங்கள்: இரண்டாவது மால்ட்டின் உறையில் இருந்த முழுப் பெயர், அந்த பீரின் இறுதி அடர்த்தி, வாளியை எதனால் கழுவினீர்கள். அந்த மூன்றும் இருந்தால் இன்னும் திட்டவட்டமாகச் சொல்லலாம்.